டிக்கியில் கை வைக்காமல் ஒரு ஊஃபர்

என் மாமனார் பலாப்பழத்தை விரலால் சுண்டிப் பார்த்துத்தான் பறிப்பார். சுண்டிவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோவார். ‘டங் டங்’ என்று தெறித்தால் இன்னும் நாளாகும். ‘தொம்’ என்று அடங்கிய சத்தம் வந்தால் பழுக்கத் தொடங்கிவிட்டது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர். கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி, நாலு பலா, ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேலத்திலிருந்து நாங்கள் மேலே போவோம். போகும்போது டிக்கியில் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய அரிசிச் சிப்பம், பருப்பு, எண்ணெய் டின். வரும்போது மலை என்ன கொடுக்கிறதோ அது.

போன ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து கிலோவுக்குக் குறையாத ஒரு பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் டிக்கியைத் திறந்தேன். உள்ளே, கறுப்பு கார்ப்பெட் ஒட்டிய என் புதுப் பெட்டி, பன்னிரண்டு அங்குல ஊஃபரோடு (பேஸ் என்கிற அடிக்கனச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

“இது என்னங்க மாப்ளே, பொட்டி?”

“பாட்டுக்குங்க மாமா. பேஸ் வரும்.”

பெட்டியைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். “அப்ப பழம் எங்க உக்காரும்?”

பழம் பின் சீட்டில் உட்கார்ந்தது. சீட் பெல்ட் போட்டுவிட்டோம். பக்கத்தில் என் மனைவி, அவள் மடியில் மிளகுப் பை, காலடியில் காப்பிக்கொட்டைச் சாக்கு. மலையிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளின் எண்கள் தலைகீழாக வரும்: இருபது, பத்தொன்பது, பதினெட்டு. ஒவ்வொரு வளைவிலும் பழம் அவள் மேல் சாய்ந்தது. முள் குத்தியது. பதினோராவது வளைவு வரை பொறுத்துப் பார்த்தாள். “டிக்கி உங்களுதுன்னு யாருங்க சொன்னா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அடிவாரம் வரும்வரை வண்டியில் பாட்டும் ஓடவில்லை, பேச்சும் ஓடவில்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குப் போன காலத்தில் சேலத்துத் தனியார் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குத்தான் போட்டி. அதற்கு அடியில்தான் பேஸ் பெட்டி இருக்கும். பாட்டு காதுக்கு வருவதற்கு முன்னால் தொடைக்கு வரும். அதற்கும் முன்னால் ஆடி மாதம். சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை, அதாவது அலங்கார வண்டி ஊர்வலத்தை, பார்க்க அப்பாவின் தோளில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பம்பைக்காரர் கிட்டத்தில் வந்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தட்டுவது போலிருக்கும். அதே திருவிழாவில் கம்பத்தில் கட்டிய மைக்செட் குழாய் நாலு தெருவுக்குக் கேட்கும். ஆனாலும் அதில் அடிவயிறே கிடையாது. சத்தம் வேறு, கனம் வேறு என்பது அப்போதே எனக்குத் தெரியும். வார்த்தைதான் தெரியாது.

நாங்கள் வைத்திருப்பது ஸ்விஃப்ட். டிக்கிக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 268 லிட்டர். என் பெட்டியின் வெளி அளவு 50 சென்டிமீட்டர் நீளம், 38 உயரம், 36 ஆழம். பெருக்கினால் 68 லிட்டர். கால்வாசி போச்சு என்று கணக்கு சொல்லும். நடப்பு வேறு. பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் அரைச் சாண், மேலே ஒரு முக்கோணம் என்று மிஞ்சுகிற இடம் எதற்கும் உதவாது. சிப்பம் அப்படி மடங்காது. பாதி டிக்கி போனது என்பதுதான் நிஜம். பெட்டியின் மேல் 1200 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் வேறு. அது கண் இமைக்கும் நேரம் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்குவதை ஆர்.எம்.எஸ் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். என் பெட்டியில் அது 250. கடையில் அந்தப் பொடி எழுத்தை நான் படிக்கவில்லை.

பெட்டியைக் கழற்றி மொட்டை மாடி அறையில் போட்டேன். அப்புறம்தான், வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: ஊஃபருக்கு எதற்குப் பெட்டி?

அதற்கு விடை கிடைத்த இடம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறை. அந்தப் பட்டறைக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது பின்னால் வரும். அங்கே மேசை மேல் ஒரு எட்டு அங்குல ஊஃபரை மல்லாக்க வைத்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பாட்டைப் போட்டோம். கோன், அதாவது ஊஃபரின் முகத்தில் அதிரும் கூம்பு, முன்னும் பின்னும் அரை விரல் ஆடுகிறது. சத்தம் மட்டும் கொசு மாதிரி. பேஸே இல்லை. அண்ணன் (பட்டறைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த பிளைவுட் வளையத்தில் அதைத் திருகி, ஒரு காலி இருபது லிட்டர் பெயின்ட் வாளியின் வாயில் வைத்துக் கையால் அழுத்தினார். அவ்வளவுதான். மேசையில் கிடந்த திருகாணிகள் நடக்க ஆரம்பித்தன.

கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நொடி பின்பக்கம் காற்று இளகுகிறது. இரண்டுக்கும் நடுவே தடுப்பு இல்லையென்றால் முன்பக்கக் காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடிக் குழியை நிரப்பிவிடும். காதுக்கு ஒன்றும் வராது. பெட்டி என்பது அந்த ஓட்டத்தை மறிக்கிற சுவர். அதற்கு மேல் இன்னொரு வேலையும் பார்க்கிறது. மூடிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கோனைத் தாங்கி, திரும்ப இடத்துக்குத் தள்ளுகிறது. இந்தக் காற்று ஸ்பிரிங்கையே வைத்து 1954ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் சிறிய மூடிய பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்தார். அதுவரை அந்த ஆழத்துக்கு அலமாரி அளவு பெட்டி வேண்டியிருந்தது.

இதற்குக் கூலி உண்டு. கே.எல்.எச் என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் ‘எச்’சான ஹாஃப்மன் சொன்ன ஒரு விதியை இந்தத் தொழிலில் எல்லோரும் இரும்பு விதி என்பார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த கரண்ட்டில் நிறைய சத்தம்: மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். எந்த இரண்டு என்று நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மிருதங்கக்காரர் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவாரே, அது மாதிரிதான் ஊஃபர் கோனும். கனம் கூடினால் சுருதி இறங்கும், ஆனால் அடிக்கும் கைக்கு வேலை கூடும். காரில் அந்தக் கை ஆம்ப்ளிஃபயர். நல்ல வேளையாக இன்றைக்கு கிளாஸ்-டி என்ற வகை ஆம்ப்ளிஃபயர் உள்ளங்கை அகலத்தில் வருகிறது. ஆகவே நான் மூன்றாவதை விட்டுக்கொடுத்தேன்.

இன்னொரு விஷயமும் எனக்குச் சாதகமாக இருந்தது. பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். எங்கள் வண்டியோ நாலு மீட்டருக்குள். வண்டியைவிட இரண்டு மடங்கு நீளமான அலை எந்த மூலையிலிருந்து கிளம்பியது என்று காதால் பிரிக்க முடியாது. ஊஃபர் முகத்துக்கு நேராக இருக்க வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது கொஞ்சம் காற்று, அந்தக் காற்றைச் சுற்றி ஆடாத சுவர். எனக்கு டிக்கி வேண்டாம், காற்றுதான் வேண்டும். வண்டிக்குள் யாருக்கும் பயன்படாமல் காற்று எங்கே சும்மா கிடக்கிறது? அதற்கப்புறம் வண்டியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிகளின் உடம்பை வெறித்துப் பார்ப்பேன்.

முதலில் கண்ணில் பட்டது ஸ்டெப்னி. டயர் வட்டுக்குள் இருக்கும் குழிவில் உட்கார்கிற மாதிரி வட்டமான ஊஃபர்களை ஜேபிஎல் போன்ற கம்பெனிகளே செய்கின்றன. யோசனை பிரமாதம். டிக்கித் தரைக்கு அடியில் போய்விடும். ஆனால் எங்கள் பிழைப்பு வேறு. அந்தத் தரையின் மேல் இருபத்தைந்து கிலோச் சிப்பம், அதன் மேல் எண்ணெய் டின், சந்து பொந்தில் வெங்காயம். சத்தம் வெளியேற இடுக்கு எங்கே இருக்கும்? வளைவில் டயர் பஞ்சரானால் மூட்டையை இறக்கி, மழையில் ஊஃபரின் வயரைக் கழற்றி, அதைக் கீழே வைக்க உலர்ந்த இடம் தேட வேண்டும். ஊரில் மட்டும் ஓட்டுபவர்கள் தாராளமாகப் போடலாம். சிலர் ஸ்டெப்னியையே வீட்டில் வைத்துவிட்டு அந்தக் குழியில் பெட்டி செய்துகொள்கிறார்கள். மலைப்பாதைக்கு அதோடு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் ஊஃபரைக் குப்புறத் திருகி டிக்கி முழுவதையுமே பெட்டியாக்கும் முறை செடான் வண்டிக்கு. ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே உருப்படியான சுவரே கிடையாது. அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் சீட்டுக்கடி. இதை வாங்கியே பார்த்தேன். எட்டு அங்குல ஊஃபரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து, ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் அலுமினியத் தாம்பாளம் மாதிரி இருக்கும். முன் இடது சீட்டுக்கு அடியில் போனது. டிக்கிக்கு ஒரு சேதமும் இல்லை. பொருத்த அரை நாள். உண்மையைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேருக்கு இதுவே போதும். நீங்கள் அந்த எட்டில் ஒருவர் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், போய் அதை மாட்டிக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று மாதம் ஓடியது. சீட்டில் இருப்பவரின் முதுகில் தட்டும் சுகமும் உண்டு. குறை என்னவென்றால் அந்தத் தட்டைக்குள் காற்று ரொம்பக் கொஞ்சம். தபேலா வரை வந்தது, பம்பை வரவில்லை. சத்தத்தைக் கூட்டினால் முனகியது. அது போக, பின் சீட்டுக்காரர்களின் காலுக்கு வரும் ஏசிக் காற்று அந்த வழியாகத்தான் போகும். அதைப் பாதி மறைத்துவிட்டது. ஒருநாள் மகன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தான். தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான். அன்றைக்குத் துடைத்து வெயிலில் வைத்துப் பிழைத்தது.

ஒரு சாயங்காலம் காலி டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பின் சக்கரத்தின் வளைவு இரு பக்கமும் உள்ளே துருத்திக்கொண்டிருக்கிறது. அந்தத் துருத்தலுக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே இரு பக்கமும் ஒரு மாடக்குழி. மூட்டை அதில் நுழையாது, பெட்டி நுழையாது. எங்கள் வண்டியில் வருஷக்கணக்காக அங்கே கிடந்தது ஒரு பழைய துணி, ஒரு காலி கூலண்ட் பாட்டில், தொலைந்துபோன ஒரு கிரிக்கெட் பந்து. பிளாஸ்டிக் கவசத்தின் கிளிப்புகளைக் கழற்றிப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னும் ஒரு வெற்றிடம், வெளித் தகடு வரை. டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசியும் காற்றும். நான் தேடிய காற்று!

அந்தக் குழிக்கு மரப்பெட்டி செய்ய முடியாது. ஒரு பக்கம்கூட நேராக இல்லை. அதனால்தான் ஃபைபர், அதனால்தான் அந்தப் பட்டறை. அண்ணனின் அன்றாடத் தொழில் லாரிக் கேபினுக்கு மேல் வைக்கிற காற்றுக் கூம்பு, உடைந்த பம்பர், குளியலறைக் கதவு. ஸ்பீக்கர் பெட்டி செய்ததே இல்லை என்றார். “தண்ணித் தொட்டி பண்ணிருக்கேன் சார், காத்துத் தொட்டி பண்ண மாட்டனா?” என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வலப்பக்கக் குழியைத்தான் எடுத்தோம். இடப்பக்கம் பெட்ரோல் ஊற்றும் குழாய் இறங்குகிறது. நீங்கள் செய்வதானால் அதை முதலில் பார்த்துவிடுங்கள். எந்தத் தகட்டிலும் துளை போடுவதற்கு முன்னால் அதன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று குனிந்து படுத்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் பின் பம்பருக்கு உட்பக்கம், பக்கவாட்டில், ரப்பர் இதழ் வைத்த காற்றுப்போக்கி ஒன்றும் இருக்கும். கதவைச் சாத்தும்போது உள்ளே அழுந்தும் காற்று அது வழியாகத்தான் வெளியேறும், ஏசிக் காற்று சுற்றுவதற்கும் அது வேண்டும். அதை ஃபைபரால் அடைத்துவிட்டால் அன்றிலிருந்து கதவு சாத்தத் தோள்பலம் வேண்டும். எங்கள் பெட்டியின் அடிப்பக்கத்தை அதற்காக இரண்டு விரல் தள்ளிச் செய்தோம்.

தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை மூன்று அடுக்கு ஒட்டினார். அதன் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் மெழுகு. ரெசின் வண்டியோடு ஒட்டிக்கொண்டால் அப்புறம் பெட்டி வேறு வண்டி வேறு என்று பிரிக்க முடியாது. பிறகு ரெசினைக் கலந்தார். ஃபைபர் வேலையில் மூன்று புட்டிகள்: ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட். கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டைத் தொட்டார். “இது ரெண்டும் நேருக்கு நேர் பாத்துக்கவே கூடாது சார். பாத்துச்சுன்னா தீதான்.” பட்டறையில் இரண்டு புட்டிகளும் எதிரெதிர்ச் சுவரில் தனித்தனி ஆணியில் தொங்கின. வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் அந்த இரண்டு ஆணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாடையும் சாதாரணமில்லை. நாலு கதவும் திறந்து வைத்து, வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, முகமூடி போட்டுத்தான் செய்தார். அப்படியும் எனக்கு அன்று ராத்திரி சாப்பாட்டில் ரெசின் ருசி.

கண்ணாடி நார்ப் பாயைக் கிழித்துப் போட்டு, பிரஷ்ஷால் ரெசினைக் குத்திக் குத்தி நனைத்தார். பாய் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் காற்றுக் குமிழ். கண்ணாடி போலத் தெளிந்தால்தான் பிடித்தது என்று அர்த்தம். இரண்டு அடுக்கு காய்ந்ததும் வண்டியிலிருந்து உருவினார். வண்டியின் உள்வயிற்றை அச்செடுத்தது போல ஒரு ஓடு வந்தது. வெளியே வைத்து இன்னும் நாலு அடுக்கு. முகப்பில் பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட் வளையத்தைக் குச்சிகளால் தாங்கி நிறுத்தி, ஒரு பனியன் துணியை இழுத்துப் போர்த்தி ரெசின் பூசினார். துணி இறுகி ஓடாகிவிட்டது. மறுபடி உள்ளிருந்து நார்ப் பாய். சுவர் ஆடினால் பேஸ் போச்சு. பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றிப் பார்த்தோம், அசையவில்லை.

இப்போது அளவு. அந்த எட்டு அங்குல ஊஃபரோடு வந்த தாளில் மூடிய பெட்டிக்குப் பன்னிரண்டு லிட்டர் என்று போட்டிருந்தது. கோணல்மாணலான ஓட்டுக்குள் எத்தனை லிட்டர் என்று எப்படித் தெரியும்? தண்ணீர் ஊற்றலாம், ஆனால் வளையம் பிளைவுட். ஊறிவிடும். சேலத்துக்காரனுக்கு இதில் என்ன கஷ்டம்? ஜவ்வரிசி. உருண்டை, ஒட்டாது, மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் போய் நிறையும். சேகோ வியாபாரம் செய்யும் சித்தப்பாவிடம் பத்து கிலோ வாங்கிவந்து ஒரு லிட்டர் மக்கால் அளந்து அளந்து கொட்டினேன். பத்து, பதினொன்று, பதினொன்றரை. தளும்பிவிட்டது. ஊஃபரின் பின்பக்கக் காந்தமே அரை லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதையும் கழித்தால் குறைகிறது. வளையத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து முகப்பைத் திரும்பச் செய்தோம். இரண்டாம் முறை பன்னிரண்டே முக்கால். போதும். உள்ளே தலையணைப் பஞ்சைத் தளர்வாக அடைத்தோம். பஞ்சு இருந்தால் பெட்டி சற்றே பெரியது போல நடந்துகொள்ளும். ஜவ்வரிசியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனேன். ரெசின் வாடையை மோந்து பார்த்த என் மனைவி அதை அப்படியே வாசலில் வைத்துவிட்டாள். பாயசத்துக்குக் கணக்குப் போட்டிருந்தேன்.

வயர் விஷயத்தில் மட்டும் சிரிப்பு வேண்டாம். பழைய பெட்டியைக் கழற்றியபோதுதான் கடைக்காரர் செய்திருந்த வேலை தெரிந்தது. பாட்டரியிலிருந்து வந்த வயரில் ஃபியூஸ் டிக்கிப் பக்கம் இருந்தது. பாட்டரியை விட்டு ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. எங்கேயாவது தகட்டில் உரசி வயர் தேய்ந்தால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் துண்டு முழுக்க அடுப்புக் கம்பி. எர்த் வயரை பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருந்தார். பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் முடுக்க வேண்டும். வயரே செம்பு இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை, அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அதே கனத்தில் செம்பு தாங்குவதைவிடக் குறைவாகத்தான் கரண்ட்டைத் தாங்கும். 250 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் முழு வீச்சில் இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இராத்திரி வளைவில் ஹெட்லைட் பேஸுக்குத் தாளம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது வேடிக்கை இல்லை.

புதிதாக எல்லாம் செம்பு வயர். கரண்ட் வயர் வண்டியின் ஒரு பக்கமாக, பாட்டு வயர் மறுபக்கமாக. சேர்த்து ஓட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்’ என்று ஒரு ஊளை வரும். கம்பெனி ஸ்டீரியோவை மாற்றவில்லை. அதன் பின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே, இணைப்பி போட்டு, வெட்டாமல் எடுத்தோம். மஞ்சள் இணைப்பி தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக். ஆம்ப்ளிஃபயர், தாம்பாளம் இருந்த அதே சீட்டுக்கடிக்குப் போனது. இந்த முறை மரத்துண்டு வைத்துத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், காற்று வழியை விட்டு. மகனை நம்ப முடியாது.

முதல் நாள் கோரிமேட்டைத் தாண்டி ஓட்டிப் பார்த்தேன். எட்டு அங்குலமா இது? காரணம் வண்டியே. மூடிய பெட்டி ஒரு அளவுக்குக் கீழே, சுருதி பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும் பன்னிரண்டு டெசிபெல் வீதம் தளர்ந்துகொண்டே போகும். காரின் உட்புறம் சின்ன அறை. அலையின் பாதிகூட அறைக்குள் அடங்காத அளவு அது நீளமானதும், ஊஃபர் அந்த அறையின் காற்று முழுவதையும் ஒரே மூச்சாக அழுத்தி இளக்க ஆரம்பிக்கிறது. மூன்று மீட்டர் உள்நீளத்துக்கு இது 57 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கும். அதற்குக் கீழே ஏறக்குறைய அதே வீதத்தில் சத்தம் ஏறும். ஒன்று இறங்க ஒன்று ஏற, கணக்கு நேராகிவிடுகிறது. கதவு இடுக்கில் கசிவது போக மிஞ்சுவதே தாராளம். வீட்டு ஹாலில் பரிதாபமாக இருந்திருக்கும் ஊஃபர் வண்டிக்குள் ராஜா. பன்னிரண்டு அங்குலம் என்ன பாவத்துக்கு வாங்கினேன் என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

80 ஹெர்ட்ஸுக்கு மேலே ஊஃபருக்குப் போகாமல் வெட்டினேன். அதற்கு மேலே விட்டால் ஆண் குரல் பின் சீட்டிலிருந்து பேசும். கோன் முன்னே தள்ளுவதையும் பின்னே இழுப்பதையும் தலைகீழாக்கும் ‘ஃபேஸ்’ பொத்தானை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, எதில் பேஸ் முன்னால் வருகிறதோ அதில் விட்டேன். ‘கடகட’ என்று ஒரு சத்தம் ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. ஊஃபர் கிழிந்துவிட்டதோ என்று கழற்றிக்கூடப் பார்த்தேன். நம்பர் பிளேட். பின்னால் இரண்டு துண்டு ஸ்பாஞ்சு ஒட்டியதும் அடங்கியது.

மலைக்குக் கொண்டுபோனபோது ஒரு குழப்பம் காத்திருந்தது. பதின்மூன்றாவது வளைவு வாக்கில் பேஸ் தேய்ந்துவிட்டது. வயர் கழன்றதா, ஆம்ப்ளிஃபயர் சூடேறியதா என்று ஓரமாக நிறுத்தினேன். எச்சில் விழுங்கினேன். காதில் ‘டப்’ என்று ஒரு திறப்பு, பேஸ் திரும்ப வந்துவிட்டது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500. ஒரு மணி நேரத்தில் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. காதுக்குள் அடைபட்ட காற்று செவிப்பறையை வெளியே தள்ளி விறைப்பாக்கும். விறைத்த பறைக்குக் கனமான சத்தம்தான் முதலில் கேட்காமல் போகும். கூடவே மகன் கையில் இருந்த சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. என் பெட்டியும் அடைத்த பாக்கெட்தானே? கோனை வெளியே தள்ளிவிட்டதா? இறங்கிப் போய்ப் பார்த்தேன், இருந்த இடத்திலேயே இருந்தது. எவ்வளவு அடைத்தாலும் வயர் நுழையும் இடம், ஓரப் பசை என்று மயிரிழைக் கசிவு இருக்கும். பாட்டின் அதிர்வுக்கு அது அடைப்பு, ஒரு மணி நேர மலையேற்றத்துக்கு அது வழி.

மாமனார் வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்தேன். சிப்பம், டின், வெங்காயம் எல்லாம் இறங்கின. காலி டிக்கியைப் பார்த்துவிட்டு, “பொட்டிய எடுத்துட்டீங்களா?” என்றார்.

“இருக்குதுங்க மாமா.”

பாட்டைப் போட்டேன். கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னியைப் பார்த்தார். சீட்டைத் தள்ளிப் பார்த்தார். கீழே குனிந்து சைலன்சர் பக்கம்கூடப் பார்த்தார். கடைசியில் வலப்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாட்டை நிறுத்தச் சொன்னார். நடுவிரலை மடக்கி அந்த இடத்தைச் சுண்டினார். காதைக் கொண்டுபோனார். இன்னொரு தரம் சுண்டினார்.

“பழுத்திருக்குதுங்க மாப்ளே” என்றார்.

அன்றைக்கு இரண்டு பலாப்பழம் ஏற்றினார்.